சிவப்புப் புள்ளி உள்ள பக்கம்

காஜா பேராங், மலாக்கா
14.4.1957

அன்புள்ள மச்சான் சேதுராமன் அவர்களுக்கு, ஏகாம்பரம் வணக்கத்துடன் எழுதுவது.

இன்று சித்திரை முதல் நாள். இன்று முதல் என் முகத்தை நானே மழித்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. பதினோரு நாள் யோசித்தேன். அதில் இரண்டு நாள் ஆபீசுக்கு லீவு போட்டு யோசித்தேன். வருகிற ஆகஸ்டில் நாடு தன்னைத் தானே ஆளப்போகிறது. ரப்பர் கம்பெனியில் கணக்கு எழுதும் தலைமைக் கிராணி ஒருவன் அப்போதும் தன் கன்னத்தை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது முறையாகப் படவில்லை. முக்குக் கடை நாவிதர் பூங்காவனத்திடம் நேரில் தெரிவித்தேன். அவர் கையிலிருந்த சோப்பு நுரையைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க சார், கழுத்தெ மட்டும் பாத்துக்குங்க" என்றார். வேறு எதிர்ப்பு எழவில்லை.

எதிர் வீட்டுக்கு ஜெயபாலன் என்று ஒருவர் குடி வந்திருக்கிறார். சுகாதார இலாகாவில் வேலை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜன்னல் ஓரம் கண்ணாடி மாட்டி, ஜப்பானியச் சவரக்கத்தியால் முகம் மழிப்பார். தெரு முழுவதும் தெரியும்படிதான் மழிப்பார். சென்ற மாதம் ஒரு ஞாயிறு, கமலவேணி காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்துவிட்டு, "அவரு மொகத்தெ பாருங்களேன், உரிச்ச முட்டையாட்டம் இருக்கு" என்றாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் உங்கள் தங்கை என் முகத்தை எதனோடும் ஒப்பிட்டதில்லை. இதற்கும் என் முடிவுக்கும் சம்பந்தம் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆகவே சிங்கப்பூரில் எனக்கு ஒரு ஜப்பானியச் சவரக்கத்தி வாங்கி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜெயபாலனுடையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

நானும் கமலவேணியும் சுகம். ஜெயபாலனும் சுகமாகத்தான் இருக்கிறார். அலமேலு அக்கா, பிள்ளைகள் சுகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஏகாம்பரம்

*

நேவல் பேஸ், சிங்கப்பூர்
12.5.1957

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லாரும் சௌக்கியம். சின்னவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து இப்போது இறங்கிவிட்டது. எங்கள் ஸ்டோரின் கூரை ஒழுகுகிறது. சாமான் பெட்டிகளை இடம் மாற்றுவதிலேயே நாள் போகிறது. பின்பக்கத்துப் பப்பாளி காய்த்திருக்கிறது. கமலவேணிக்குப் பப்பாளி பிடிக்கும்; யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சேதுராமன்

*

காஜா பேராங், மலாக்கா
19.5.1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பப்பாளி இருக்கிறது, கூரை இருக்கிறது, கத்தி இல்லை. இரண்டாம் பக்கம் தபாலில் தவறிவிட்டதோ என்று உறையைக் கிழித்தும் பார்த்தேன்.

இங்கே நிலைமை மோசமாகிக்கொண்டு வருகிறது. ஜெயபாலன் கண்ணாடியை மாற்றிவிட்டார். புதுக் கண்ணாடி பெரியது. காலை வெயில் அதில் பட்டு எங்கள் கூடத்துச் சாமி படத்தில் விழுகிறது. முருகன் முகத்திலேயே ஜெயபாலனுடைய வெளிச்சம்தான். கமலவேணி கொடியில் துணி உலர்த்துவது எப்போதும் ஏழரைக்கு. இப்போது ஏழு மணி. கேட்டால், "வெயில் சீக்கிரம் வந்துடுதுங்க" என்கிறாள். மலாக்காவில் வெயில் வரும் நேரத்தை நான் பத்து வருடமாகக் கவனித்து வருகிறேன். அது மாறவில்லை.

பூங்காவனத்திடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக ஐந்து வாரமாக பிளேடு மெஷினால் மழிக்கிறேன். அது பள்ளிக்கூடத்துப் பையன்கள் வைத்துக்கொள்வது.

எங்கள் இருவர் உடம்பும் நலம். கண்ணாடிக்காரரும் நலம்.

ஏகாம்பரம்

*

நேவல் பேஸ், சிங்கப்பூர்
30.6.1957

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

அனைவரும் சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும். ஜப்பான் கத்தி வேண்டாம். ஜெர்மன் கத்தி நல்ல கத்தி. மடக்கி வைக்கலாம், பழகுவதற்கும் சுலபம். சரி என்றால் நாளையே வாங்கி அனுப்புகிறேன்.

சேதுராமன்

*

காஜா பேராங், மலாக்கா
7.7.1957

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை கமலவேணி எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் ஜெர்மன் என்பதைப் பார்த்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். "உங்கண்ணனுக்கு என் மொகம்னா எளக்காரம். ஜெயபாலனுக்கு ஜப்பானு, எனக்கு ஜெர்மனா?" என்றார். நான், "ஜெயபாலனுக்கு எங்கண்ணனா வாங்கிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன். அதற்கு, "நீ எதுக்கு அவருக்குப் பரிஞ்சு பேசறே?" என்கிறார். என்ன பேசினாலும் கடைசியில் அந்த ஜன்னலில்தான் போய் நிற்கிறது.

அண்ணா, அந்த ஜெயபாலனுக்குத் தாடியே முளைக்காது. அவர் மனைவி சந்திரமதி அக்காதான் சொன்னார்கள். வாரத்துக்கு நாலு முடி வருமாம். தெருவில் யாரும் கேலி செய்யக் கூடாதே என்று ஜன்னலில் நின்று நுரை போட்டுக்கொள்கிறாராம். நான் பாவப்பட்டுத்தான் முட்டை என்றேன். இதை இவரிடம் சொல்லலாம்தான். ஆனால் சந்திரமதி அக்கா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் முகம் எப்படி இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். அதைப் போய் எப்படிச் சொல்வது?

ஜப்பான் கத்தியை நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் உங்களையும் அப்பாவையும் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனதும், அப்பா அங்கேயே காலராவில் போனதும், அதற்குப் பிறகு பதினொரு மாதம் அந்த முகாம் அதிகாரிக்குத் தினமும் காலையில் நீங்கள்தான் முகம் மழித்துவிட்டதும் அம்மா சாகும்போது சொன்னது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று நீங்கள் சொன்னதால் இவரிடமும் சொன்னதில்லை. அந்தப் பதினொரு மாதமும் கையில் கத்தியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று நானும் கேட்டதில்லை. இன்னும் நீங்கள் ராத்திரியில் சரியாகத் தூங்குவதில்லை என்று அண்ணி எழுதுகிறார்கள்.

உங்களால் முடியாது என்றால் வேண்டாம். இவரை நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
கமலவேணி

*

நேவல் பேஸ், சிங்கப்பூர்
28.7.1957

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுகம். கத்தி இந்தப் பார்சலில் இருக்கிறது.

சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் ஒரு சீனர் சாக்கு விரித்து மூன்று ஜப்பான் கத்திகள் வைத்திருந்தார். இரண்டில் துரு வாய் வரைக்கும் போய்விட்டது. மூன்றாவது மேலே கறுத்திருந்தாலும் வாய் சுத்தம். கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. சீனர் என் கையைப் பார்த்துவிட்டு, "நீ பார்பரா?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன்.

பின்வருவதைக் கவனமாகப் படிக்கவும். இது சொந்த முகத்தை மழிக்கச் செய்த கத்தி அல்ல, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தை மழிக்கச் செய்தது. அதனால் இதன் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. ஒரு பக்கம்தான் தோலைத் தொட வேண்டும். அந்தப் பக்கத்தில், பிடிக்குச் சற்று மேலே, எங்கள் ஸ்டோரில் பெட்டிகளுக்கு நம்பர் போடும் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். கல்லில் தீட்டும்போதும் அந்தப் பக்கத்துக்குப் பத்து இழுப்பு என்றால் மறுபக்கத்துக்கு ஒன்று போதும். மாற்றிச் செய்தால் வாய் கெட்டுவிடும். இடது கன்னத்துக்குக் கையைக் குறுக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும். முதல் மாதம் கன்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மழிக்கும்போது பேசக் கூடாது. கழுத்துக்கு வரும்போது எதையும் யோசிக்கக் கூடாது. யோசித்தால் கை கனக்கும்.

கமலவேணியிடம் நான் சுகமாக இருப்பதாகச் சொல்லவும்.

சேதுராமன்

*

காஜா பேராங், மலாக்கா
5.9.1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. முதலில் ஒரு வருத்தம். பிரித்துப் பார்த்தால் மடக்கும் பிடியைக் காணோம். பிரம்பு சுற்றிய ஓர் இரும்புப் பட்டைதான் இருந்தது. சீனர் பாதியை வைத்துக்கொண்டு பாதியை விற்றுவிட்டார் என்று எண்ணி, உங்களுக்குக் கண்டிப்பான ஒரு கடிதம்கூட எழுதினேன். நல்ல வேளையாக அதைத் தபாலில் போடும் முன் ஜெயபாலனுடைய கத்தியை ஜன்னல் வழியாக உற்றுப் பார்த்தேன். அவருடையதும் பாதிதான். மனம் நிம்மதியடைந்தது.

உங்கள் யோசனைகள் நன்றாக இருந்தன. சந்தைக்காரர் விவரமானவர் போலும், உங்களுக்கு எல்லாம் விளக்கியிருக்கிறார். முதல் வாரம் முன்கையில் பழகினேன். கிளேபாங் கடற்கரைக்குப் போயிருந்தபோது கமலவேணி, "கையில ஒரு பக்கம் மட்டும் ஏன் முடி இல்லெ?" என்று கேட்டாள். இரண்டாம் வாரம் வலது கன்னம். மூன்றாம் வாரம் இடது. சிவப்புப் புள்ளியைத் தெய்வமாக எண்ணி நடக்கிறேன்.

ஆகஸ்ட் 31 அன்று பண்டா ஹிலிர் திடலுக்குப் போனோம். சுதந்திரக் கொடி ஏறியது, எல்லாரும் "மெர்டேக்கா" என்று கத்தினோம். நானும் கத்தினேன், கன்னத்தில் காற்றுப் பட்டபோது ஒரு வித்தியாசம் தெரிந்தது. கமலவேணி கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பார்வை படும்படி நான்கு இடத்தில் மாறி நின்றேன். கடைசியில் அவள் சொன்னது: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது."

இப்போது ஞாயிறு ஏழு மணிக்கு நானும் என் ஜன்னலில் நிற்கிறேன். ஜெயபாலன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சென்ற வாரம், "என்னா சார், ஜப்பான் சாமானா? கத்தி புடிக்கிற கை நல்லா வருது" என்றார். பாராட்டுவதுபோல் பாராட்டி, தாம் மூத்தவர் என்று காட்டிக்கொள்கிறார். இன்னொன்றும் கவனித்தேன். நான் இருபது நிமிடம் மழிக்கிறேன். அவருக்கு நான்கே நிமிடம். எப்படி என்று புரியவில்லை. தூக்கம் வருவதில்லை.

நாங்கள் சுதந்திரம் அடைந்துவிட்டோம், நீங்கள் இன்னும் அடையவில்லை. ஆனாலும் தபால் அதே இரண்டு நாளில் வருகிறது. உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் பதில் போடுங்கள்.

ஏகாம்பரம்

*

காஜா பேராங், மலாக்கா
9.10.1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நலம் என்று வழக்கப்படி எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். இடது தாடையில் ஐந்து தையல்.

நடந்தது இது. சென்ற புதன்கிழமை ஆயுத பூஜை. கமலவேணி என் பேனா, சைக்கிள், அரிவாள்மணை, தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தாள். கத்தியையும் விடவில்லை. "புருசன் தொழில் செய்யற சாமானும் ஒண்ணுதான், மொகம் மழிக்கிற சாமானும் ஒண்ணுதான்" என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டாள். உங்கள் சிவப்பு மை புளியோடு போய்விட்டது. பிறகு கத்தியில் வெட்டியிருந்த ஜப்பான் எழுத்து அழகாக இருக்கிறதென்று அந்தப் பக்கமாகப் பார்த்துக் குங்குமம் வைத்தாள். அது மறுபக்கம்.

பூஜை முடிந்து கத்தியை எடுத்தேன். சிவப்புப் புள்ளி இருந்தது. அண்ணன் வைத்த இடத்திலேயே தங்கை வைத்திருக்கிறாள் என்று எண்ணினேன். புள்ளி கலையாமல், அதைக் காகிதம் ஒட்டிக் காத்து, கல்லில் அந்தப் பக்கத்துக்கு ஐம்பது இழுப்பு, மறுபக்கத்துக்கு ஐந்து. உங்கள் கணக்கு பிசகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்கு வந்தேன். ருஷ்யாக்காரர்கள் ஆகாயத்தில் ஒரு சந்திரனை ஏற்றிவிட்டதாகப் பத்திரிகையில் போட்டிருந்தது. ஜெயபாலன் அதைப் படித்துக்கொண்டே ஒரு கையால் மழித்துக்கொண்டிருந்தார். என் கத்தி முடியை வெட்டவில்லை, பிய்த்தது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கமலவேணி வேறு கொடியருகில் நின்றாள். ஆகவே அழுத்தினேன்.

ஜெயபாலன்தான் தம் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுவதும் தம் வெள்ளைச் சட்டை என்ன ஆயிற்று என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெருந்தன்மையை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுவது நல்ல பழக்கம் அல்ல. பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த கமலவேணி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதைத் தையல் போடும்போது பார்த்தேன். வலி எதில் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏகாம்பரம்

*

நேவல் பேஸ்
13.10.1957

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இனி அந்தக் கத்தியைத் தொட வேண்டாம். தீபாவளிக்கு வருகிறேன். கல்லை ஈரத் துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

சேதுராமன்

*

காஜா பேராங், மலாக்கா
27.10.1957

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் பத்திரமாக ஊர் சேர்ந்திருப்பீர்கள். பிள்ளைகளுக்குக் கமலவேணி கொடுத்த முறுக்கு உடையாமல் வந்ததா?

தீபாவளி அன்று காலை நீங்கள் என்னை நாற்காலியில் உட்கார வைத்து மழித்துவிட்டதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டு மணி நேரம் நீங்கள் கத்தியைத் தீட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்டோர் கிராணிக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது? தையலைச் சுற்றி வந்ததுகூடத் தெரியவில்லை. பூங்காவனம் நேரில் பார்த்திருந்தால் கடையைப் பூட்டியிருப்பார். ஜெயபாலன் பார்த்தார். தம் ஜன்னலை விட்டு வந்து, எங்கள் வாசலில் நின்று, வாயைத் திறந்தபடி பார்த்தார். இதற்காக உங்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு விஷயங்கள் மட்டும் விளங்கவில்லை. கழுத்துக்கு வந்தபோது நீங்கள் நிறுத்தி, கத்தியைத் துடைத்துவிட்டு, "நீங்க பேசிக்கிட்டே இருங்க மாப்பிள்ளை" என்றீர்கள். மழிக்கும்போது பேசக் கூடாது என்று எழுதியவர் நீங்கள்தான். "எதெப் பத்திப் பேசறது?" என்று கேட்டேன். "எதெப் பத்தியாவது. தமிழ்ல பேசுங்க" என்றீர்கள். ஜெயபாலனைப் பற்றிப் பேசினேன். முடியும்வரை பேசினேன். போதுமான அளவு விஷயம் இருந்தது.

இரண்டாவது, கமலவேணி. சமையலறைக் கதவருகில் நின்று அழுதாள். என் முகத்தைப் பார்த்து அவள் இதுவரை சிரித்ததும் இல்லை, அழுததும் இல்லை. முகம் அவ்வளவு நன்றாக வந்துவிட்டதா என்று கேட்டேன். "எங்கண்ணன் கை நடுங்கவே இல்லெ, பாத்தீங்களா" என்றாள். முகம் என்னுடையது, பேர் உங்களுக்கு. உங்களிடம் மறைப்பானேன், இரண்டு நாள் உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

ஏகாம்பரம்

*

நேவல் பேஸ், சிங்கப்பூர்
1.12.1957

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

கமலவேணி எழுதியிருந்தாள். படித்து நானும் அலமேலுவும் ரொம்பச் சந்தோஷப்பட்டோம். அவளைக் குடம் தூக்க விடாதீர்கள். பப்பாளி இனிக் கொடுத்து அனுப்ப மாட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. மனைவி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது, பிள்ளை பிறக்கும்வரை, புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது. ஆகவே அந்தக் கத்திக்கு இனி வேலை இல்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரிமேல் வைத்துவிடுங்கள்.

பிள்ளைக்கு முடி இறக்கும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். லீவு சொல்லி வைத்துவிட்டேன். நாவிதர் தம் கத்தியைக் கொண்டு வரட்டும். என் இரண்டு கையும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று கமலவேணியிடம் சொல்லவும்.

சேதுராமன்

*

காஜா பேராங், மலாக்கா
12.1.1958

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கு கமலவேணியும் நானும் நலமாக இருக்கிறோம். மசக்கை அடங்கிவிட்டது. குடம் நான்தான் தூக்குகிறேன். நீங்கள் தூங்குவதாகச் சொன்னேன். "அப்படியா எழுதியிருக்காரு?" என்று கடிதத்தை வாங்கித் தானே படித்தாள். மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

வழக்கம் என்று நீங்கள் எழுதியதால் மழிப்பதை நிறுத்திவிட்டேன். ஆறு வாரம் ஆகிறது. தாடி, நான் எதிர்பார்த்ததைவிட, காதிலிருந்து கழுத்து வரைக்கும் அடர்த்தியாக வந்திருக்கிறது. தையல் போட்ட இடம்கூடத் தெரியவில்லை. ஆபீசில் துரை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். சென்ற வெள்ளிக்கிழமை சோறு போட்டுக்கொண்டிருந்த கமலவேணி, கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தாடி ஒங்களுக்கு நல்லாத்தான் இருக்குங்க" என்றாள். மேலும் ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜெயபாலன் இப்போது ஞாயிறு காலையில் ஜன்னலுக்கு வருவதில்லை. போன மாதம் தெருவில் என்னை நிறுத்தி, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. என்னா எண்ணெய் தடவறீங்க?" என்று கேட்டார். நல்லெண்ணெய் என்றேன்.

மூன்று வாரமாகத் தடவி வருகிறார். அவர்கள் வீட்டுக் கொடியில் தினமும் காலையில் எண்ணெய்க் கறையோடு ஒரு தலையணை உறை காய்கிறது.

ஏகாம்பரம்